போதைப் பழக்கம் உள்ளவர் இரத்த தானம் செய்யலாமா?

சில காலத்துக்கு முன் எங்கள் அறக்கட்டளை நடத்திய இரத்த தான முகாமுக்கு இளைஞர்கள் மூன்று பேர் ஒன்றாக வந்தார்கள். ஒருவருக்கொருவர் கேலி பேசிக்கொண்டே படிவம் நிரப்பினார்கள். மூவரும் இரத்தம் கொடுத்தார்கள், பழச்சாறும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று இரவு பத்து மணிக்கு மேல் எங்கள் தொண்டர் ஒருவரின் கைபேசி ஒலித்தது. "அண்ணே, இன்னைக்கு நான் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏத்த வேணாம்னு சொல்லிடுங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க."

தொண்டர் காரணம் கேட்கவில்லை. உடனே இரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். பையின் எண்ணைப் பார்த்து அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். சில நாட்கள் கழித்து அந்த இளைஞரே வந்து பேசினார். நண்பர்களோடு சேர்ந்து இரண்டு மூன்று முறை ஊசி மூலம் போதை ஏற்றிக்கொண்டதாகவும், படிவத்தில் அந்தக் கேள்வியைப் பார்த்ததாகவும், பக்கத்தில் நண்பர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் "இல்லை" என்று எழுதிவிட்டதாகவும் சொன்னார்.

அவர் செய்தது தவறுதான். ஆனால் எல்லோரும் எல்லோருடைய படிவத்தையும் பார்க்கும்படி நீளமான ஒரே மேசையைப் போட்டது நாங்கள். அந்தத் தவறு எங்களுடையது. இதற்குப் பிறகு பெற்றோர்களும் இளைஞர்களும் எங்களிடம் தனியாகக் கேட்ட கேள்விகளைத் தொகுத்து, இந்த இதழில் விளக்கமாக எழுத முடிவு செய்தோம்.

சுருக்கமான பதில்

நம் நாட்டில் இரத்தம் யாரிடம் எடுக்கலாம், யாரிடம் எடுக்கக் கூடாது என்பதை மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. தேசிய இரத்த மாற்றுக் குழுமம் 2017-இல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டுதலும் உள்ளது. இவற்றின்படி நிலைமை இதுதான்:

ஊசி மூலம் போதைப் பொருள் ஏற்றிக்கொள்பவரிடம் இரத்தம் எடுக்கக் கூடாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய தொற்றுகளுக்கு அதிக ஆபத்து உள்ளவர்களின் பட்டியலில் அவர் வருகிறார்.

போதைக்கு அடிமையானவர், எந்த வழியில் எடுத்தாலும், கொடையாளராக ஏற்கப்பட மாட்டார்.

முகாமுக்கு வரும் நேரத்தில் மது அல்லது வேறு போதையில் இருப்பவர் அன்று இரத்தம் கொடுக்க முடியாது.

எப்போதோ ஒரு முறை புகைத்துவிட்டு விட்டுவிட்ட ஒருவருக்கு இத்தனை நாள் கழித்துக் கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கணக்கை நாங்கள் சொல்ல முடியாது. அவரிடம் பேசி, பரிசோதித்து, முடிவு செய்ய வேண்டியவர் முகாமில் இருக்கும் மருத்துவ அலுவலர்.

"போதை எடுப்பவர் கெட்டவர், அதனால் அவர் இரத்தம் வேண்டாம்" என்பதல்ல இதன் பொருள். மார்க்கத்தில் போதை விலக்கப்பட்டது என்பது நமக்குத் தெரியும். அது அந்த மனிதருக்கும் இறைவனுக்கும் இடையிலான கணக்கு. இரத்த வங்கி கேட்பது வேறு. இவருடைய இரத்தத்தில் கிருமி வந்து சேர வழி இருந்ததா என்பதுதான் அதன் கேள்வி. ஒழுக்கமான, தொழுகை தவறாத ஒருவர் போன மாதம் பச்சை குத்திக்கொண்டாலும், காது குத்திக்கொண்டாலும், அவரையும் 12 மாதம் பொறுத்து வரச் சொல்வார்கள். காரணம் ஒன்றே: ஊசி.

ஊசியில் என்ன இருக்கிறது?

ஒருவர் உடலில் குத்தி எடுத்த ஊசிக்குள்ளும் சிரிஞ்சுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் தங்கிவிடும். அதே ஊசியை இன்னொருவர் பயன்படுத்தினால் அந்த இரத்தம் நேராக அவருடைய நரம்புக்குள் போகிறது. எச்.ஐ.வி. பரவ இதைவிட நேரான வழிகள் குறைவு. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். சிரிஞ்சுக்குள் தங்கிய இரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி வாரக்கணக்கில் இருக்கக்கூடும்.

"நான் புது ஊசிதான் பயன்படுத்தினேன்" என்று சிலர் சொல்கிறார்கள். ஊசி புதிதாக இருக்கலாம். மருந்தைக் கரைத்த மூடி, தண்ணீர், பஞ்சு ஆகியவற்றை நான்கு பேர் பகிர்ந்திருந்தால் ஆபத்து அப்படியே இருக்கிறது.

நம் பகுதியில் "ஊசி போதை" என்றால் ஹெராயின் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். இன்று தமிழ்நாட்டில் போலீசார் அடிக்கடிப் பிடிப்பது வலி நிவாரணி மாத்திரைகளை. வாயால் விழுங்க வேண்டிய மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் பள்ளி, கல்லூரி வயதுப் பிள்ளைகளிடமும் பரவியிருப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். "மாத்திரைதானே, போதைப் பொருள் இல்லையே" என்று எண்ணி இவர்கள் படிவத்தில் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். ஊசியில் ஏற்றியது எதுவாக இருந்தாலும் பதில் "ஆம்"தான். மருத்துவர் எழுதித் தராமல் உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டுக்கொண்ட ஸ்டீராய்டு ஊசியையும் மறைக்காமல் மருத்துவ அலுவலரிடம் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் மருத்துவர் சொல்லிப் போட்ட ஊசி இந்தக் கணக்கில் வராது. அந்த நோயும் மருந்தும் என்ன என்பதை மட்டும் சொன்னால் போதும்.

இரத்த வங்கியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்கும் இதுவே காரணம். முழங்கையிலும் முன்கையிலும் போதை ஊசித் தழும்புகளோ, அடிக்கடி இரத்தம் விற்றதற்கான தழும்புகளோ இருக்கக் கூடாது என்று விதியே சொல்கிறது.

எல்லாப் பையையும் பரிசோதிக்கிறார்களே?

இது நியாயமான கேள்வி. எங்களிடம் அதிகம் பேர் கேட்டதும் இதுவே. தானமாகக் கிடைக்கும் ஒவ்வொரு பை இரத்தத்தையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, மேகநோய் எனப்படும் சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் கட்டாயம் பரிசோதிக்கிறார்கள். பிறகு எதற்குக் கேள்வி கேட்க வேண்டும்?

கிருமி உடலில் நுழைந்த மறுநாளே பரிசோதனையில் தெரிந்துவிடாது. உடல் அதற்கு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கி, அது கருவியில் தெரியும் அளவுக்குப் பெருகக் காலம் பிடிக்கும். எச்.ஐ.வி.க்கு ஏறத்தாழ 3 வாரம். ஹெபடைடிஸ் சி-க்கு 2 மாதத்துக்கு மேலும் ஆகலாம். இந்த இடைப்பட்ட நாட்களில் இரத்தத்தில் கிருமி இருக்கும், பரிசோதனை முடிவோ "இல்லை" என்று வரும். கிருமியின் மரபுப் பொருளையே நேரடியாகத் தேடும் 'நாட்' பரிசோதனை இந்த நாட்களை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அது நம் நாட்டில் கட்டாயமாக்கப்படவில்லை. சில இரத்த வங்கிகளில் மட்டுமே உள்ளது. நாட் பரிசோதனையும் முதல் சில நாட்களைக் கண்டுபிடிக்காது.

அந்த இடைவெளியை அடைக்க நம்மிடம் இருக்கும் ஒரே கருவி, கொடுப்பவரின் உண்மையான பதில்.

பதிலைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு அனுபவம் ஒன்று இருக்கிறது. 1970-களிலும் 1980-களிலும் பிரிட்டனில் இரத்தம் உறையாமை நோய் உள்ளவர்களுக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரிக்கப்பட்டது அது. அதில் ஒரு பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே சிறைக் கைதிகளிடமும் ஊசி போதைப் பழக்கம் உள்ளவர்களிடமும் காசு கொடுத்து பிளாஸ்மா வாங்கியிருந்தார்கள். காசு தேவைப்பட்டவர்கள் உண்மை சொல்லவில்லை. வாங்கியவர்களும் அக்கறையோடு கேட்கவில்லை. அந்த மருந்தாலும் தொற்றுள்ள இரத்தம் ஏற்றியதாலும் பிரிட்டனில் 30,000-க்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி.யோ ஹெபடைடிஸோ தொற்றியது. சுமார் 3,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பள்ளிச் சிறுவர்களும் உண்டு. அந்த விசாரணையின் இறுதி அறிக்கை 2024 மே மாதத்தில்தான் வெளிவந்தது.

நம் நாட்டிலும் காசுக்கு இரத்தம் விற்கும் பழக்கம் இருந்தது. உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பையடுத்து 1998 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது. இன்று நாம் முகாம்களில் இலவசமாகக் கொடுப்பதன் அருமை இதில் இருக்கிறது. காசு இல்லாத இடத்தில் பொய் சொல்லக் காரணம் குறைவு. ஆனால் காசுக்குப் பதில் வெட்கமும் வற்புறுத்தலும் வந்து உட்கார்ந்துகொண்டால் நாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவோம்.

ஒரு பை இரத்தம் ஒருவருக்கு மட்டும் போவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அதைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரித்து மூன்று பேருக்குக் கூடக் கொடுக்கிறார்கள். பிரசவத்தில் இரத்தம் இழந்த தாய், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், சில வாரங்களுக்கு ஒரு முறை இரத்தம் ஏற்றியே வாழும் தலசீமியாக் குழந்தை என அது யாருக்கு வேண்டுமானாலும் போகலாம். அந்தக் குழந்தை ஒவ்வொரு முறையும் முகம் தெரியாத ஒருவரின் "இல்லை" என்ற பதிலை நம்பித்தான் கையை நீட்டுகிறது. அந்தப் பதில் ஓர் அமானிதம்.

கஞ்சா, மாத்திரை, மது

புகைப்பதாலோ விழுங்குவதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. மூக்கில் உறிஞ்சும் போதைப் பொருளில் மட்டும் ஓர் ஆபத்து உண்டு. ஒரே குழாயைப் பலர் பயன்படுத்தும்போது மூக்கில் கசியும் இரத்தம் வழியாக ஹெபடைடிஸ் சி பரவக்கூடும். அப்படியானால் கஞ்சா புகைத்தவரையும் மாத்திரை விழுங்கியவரையும் ஏன் கேள்வி கேட்கிறார்கள்?

முதலாவது, கொடுப்பவரின் பாதுகாப்பு. கஞ்சா நாடித் துடிப்பை ஏற்றும். வேறு சில மாத்திரைகள் இரத்த அழுத்தத்தை இறக்கும். நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100-க்குள் சீராக இருந்தால்தான் இரத்தம் எடுப்பார்கள். போதையில் இருப்பவரிடம் 350 மில்லி இரத்தம் எடுத்தால் அவர் மயங்கி விழ வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, சம்மதம். தெளிவான மனநிலையில் கையெழுத்திடுவதுதான் சம்மதம். போதையில் இருப்பவர் கேள்வியைப் புரிந்து பதில் சொன்னாரா என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, வாங்குபவர். பெரியவர் உடலில் ஒரு பை இரத்தத்தோடு போகும் சிறிதளவு போதைப் பொருள் பெரும்பாலும் பெரிய தீங்கு செய்யாது. பச்சிளங்குழந்தைக்கு அந்த அளவும் சிறிதல்ல.

"நான் பழகிட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகாது" என்பவரை அன்று திருப்பி அனுப்புவது அவருக்கும் நல்லது.

விட்டுவிட்டவர் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்டவர் ஒரு தாய். மகன் சிகிச்சை பெற்றுத் திருந்தி, வேலைக்குப் போகிறான். இப்போது இரத்தம் கொடுக்க ஆசைப்படுகிறான். எங்களால் அவருக்கு இனிப்பான பதில் சொல்ல முடியவில்லை.

இந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு மாறுகிறது. மருத்துவர் பரிந்துரை இல்லாமல் ஊசி ஏற்றிக்கொண்டவரை அமெரிக்காவில் முன்பு ஓராண்டு காத்திருக்கச் சொன்னார்கள். 2020 முதல் அதை 3 மாதமாகக் குறைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் 5 ஆண்டுகள். அங்கெல்லாம் எல்லாப் பைகளுக்கும் நாட் பரிசோதனை நடக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கைபேசியில் அமெரிக்கக் கணக்கைப் படித்துவிட்டு "மூணு மாசம் ஆயிடுச்சு அண்ணே" என்று சொல்லும் பிள்ளைகளுக்கு எங்கள் பதில், நம் ஊரில் நம் நாட்டு விதிதான் செல்லும் என்பதே. இங்கே ஊசிப் பழக்கத்தை மறைக்காமல் சொல்பவரை இரத்த வங்கிகள் நிரந்தரமாகவே தவிர்க்கின்றன. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி வந்தவர்கள் நிரந்தரமாகவே கொடுக்க முடியாது. ஹெபடைடிஸ் சி மருந்தில் முழுமையாகக் குணமானாலும் இதே விதிதான்.

இதைக் கேட்டு அந்தத் தாயின் முகம் வாடியது. "அப்போ என் பையன் இன்னும் அழுக்குன்னுதானே அர்த்தம்?" என்றார். அப்படி இல்லை, அம்மா. மஞ்சள் காமாலை வகையில் சிலவற்றைப் பெற்றவரும், இதய நோயாளியும், வலிப்பு உள்ளவரும் கொடுக்க முடியாது. அவர்கள் யாரும் அழுக்கானவர்கள் அல்லர். இரத்தம் கொடுக்க முடியாதவர் கொடையாளர்களைத் திரட்டலாம், முகாமில் நாற்காலி போடலாம், ஆம்புலன்சுக்கு ஓடலாம். அந்தப் பிள்ளை இப்போது எங்கள் முகாம்களில் படிவ மேசைக்குப் பொறுப்பாளர். தயங்கி நிற்கும் இளைஞரை எங்களைவிட முதலில் அடையாளம் காண்பவர் அவரே.

முகாமைப் பரிசோதனைக் கூடமாக்க வேண்டாம்

தனக்குத் தொற்று இருக்குமோ என்ற பயத்தில், "இரத்தம் கொடுத்தால் இலவசமாக டெஸ்ட் பண்ணிடுவாங்க" என்று வருபவர்களும் உண்டு. இது ஆபத்தான குறுக்குவழி. பயம் இருக்கிறது என்றாலே கடந்த சில வாரங்களில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். பரிசோதனையில் தெரியாமல் போகும் நாட்களும் அவைதான்.

அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். முன்பும் பின்பும் ஆலோசகர் தனியாகப் பேசுவார். சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம் சொல்கிறது. சந்தேகம் கேட்க 1097 என்ற எண்ணுக்கு இலவசமாக அழைக்கலாம். போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 என்ற தேசிய உதவி எண் உள்ளது. ஹெபடைடிஸ் சி-க்கு அரசுத் திட்டத்தில் இலவச மருந்து கிடைக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்தில் குணமாகிறது.

முகாம் நடத்தும் ஜமாஅத்துகளுக்கும் இளைஞர் அணிகளுக்கும்

அன்று இரவு வந்த தொலைபேசி அழைப்புக்குப் பிறகு நாங்கள் சிலவற்றை மாற்றிக்கொண்டோம். நீங்களும் செய்யலாம்.

படிவத்தைத் திரைக்குப் பின்னால், ஒவ்வொருவராக நிரப்பச் செய்யுங்கள். தந்தையும் மகனும் வந்தாலும் தனித்தனியாகத்தான்.

மருத்துவ அலுவலர் பேசும் இடத்தில் தொண்டர் யாரும் நிற்க வேண்டாம். ஊர்க்காரர் காதில் விழும் என்று தெரிந்தால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்.

"எங்க தெருவில் இத்தனை பை" என்ற போட்டி வேண்டாம். எண்ணிக்கையை விரட்டும்போதுதான் தயங்குபவரையும் இழுத்து வருகிறோம்.

திரும்பிப் போகிறவரிடம் காரணம் கேட்காதீர்கள். எடை 45 கிலோவுக்குக் குறைவு, ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறைவு, தூக்கமின்மை, காய்ச்சல் மாத்திரை என்று திரும்ப ஆயிரம் காரணம் உண்டு. "இன்னைக்கு முடியல" என்ற ஒரு வார்த்தை போதும்.

கொடுத்துவிட்டுப் போகிற ஒவ்வொருவரிடமும் இரத்த வங்கியின் எண்ணைக் கொடுத்து, "ஏதாவது சொல்ல மறந்திருந்தால், காய்ச்சல் வந்தால், இந்த எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்" என்று கூறுங்கள்.

மருத்துவமனையில் நோயாளியின் உறவினர்களைத் திரட்டும்போதும் இதே கவனம் வேண்டும். "சொந்த மச்சானுக்கே கொடுக்க மாட்டியா?" என்று கூட்டத்தில் கேட்டால், கொடுக்கக் கூடாதவரும் கையை நீட்டிவிடுவார். அந்த இரத்தம் போய்ச் சேருவது நம் மச்சானுக்குத்தான்.

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. அது போதைப் பழக்கம் பற்றிய நிகழ்வு அல்ல. உறவினருக்காக இரத்தம் கொடுத்த இளைஞர் ஒருவர், வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் தம் நிலையை அறிந்தார். அறிந்ததும் தாமாகவே இரத்த வங்கிக்குச் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. மனமுடைந்த அவர் சில நாட்களில் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். பிழை நடந்தது பரிசோதனை ஏற்பாட்டில். பாரம் முழுவதையும் சுமந்தவர்கள் அந்தப் பெண்ணும் அந்த இளைஞரும்.

எங்களுக்கு இரவில் தொலைபேசி செய்த இளைஞரின் தகவல் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அவரை நம்பிக்கை மையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கே என்ன முடிவு வந்தது என்பது அவருக்கும் ஆலோசகருக்கும் மட்டுமே தெரிய வேண்டியது. நாங்கள் கேட்கவில்லை. அடுத்த முகாமுக்கு அவரும் வந்திருந்தார், இரத்தம் கொடுக்க அல்ல, திரைச்சீலை கட்ட.